உலகம்மாள் நின்ற கட்சி

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் தோசை மாவு பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்து கிடந்தது. அதைத் துடைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால், துறைத் தலைவர் சங்கரநயினார் சார் அதைவிடப் பெரிதாகப் பொங்கிக்கொண்டிருந்தார். சென்னையில் ஏதோ ஓர் அமைப்பு மாதிரி அமெரிக்கத் தேர்தல் நடத்துகிறதாம். ஒவ்வொரு கல்லூரியிலும் அரசியல் அறிவியல் மாணவர்கள் அமெரிக்கக் கட்சிகளாகப் பிரிந்து, வேட்பாளரை நிறுத்தி, ஓட்டுப் போட வேண்டுமாம். ஜெயிக்கிற 'ஜனாதிபதி' சென்னைக்குப் போய் மற்றக் கல்லூரி ஜனாதிபதிகளோடு மேடையில் மோத வேண்டும்.

"நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு இது பெரிய பேரு மேடம். நீங்கதான் பொறுப்பு," என்றார்.

பொறுப்பு என்றைக்கும் எனக்கு, பேரு என்றைக்கும் அவருக்கு. கௌரவ விரிவுரையாளர் என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள், கௌரவத்தை மட்டும் கண்ணில் காட்டவில்லை. வருடா வருடம் இவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு மறு வருடம் வேலை. "சரி சார்" என்றேன். ஒன்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே வாயில் கசக்கிறது.

வீட்டில் பாத்திரம் கழுவுகிற தொட்டி அடைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் பார்க்கிறேன் என்றார். பார்த்தார். அதோடு போய்ப் படுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 14, புதன்

மூன்று வருடத்துப் பிள்ளைகளையும் செமினார் ஹாலில் உட்காரவைத்துக் கட்சிகளைப் பற்றிப் பாடம் எடுத்தேன். குடியரசுக் கட்சிக்கு வரி குறைய வேண்டும், மத்திய அரசு சுருங்க வேண்டும், துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமை, கருக்கலைப்பு ஆகாது. ஜனநாயகக் கட்சிக்குப் பணக்காரனிடம் கூடுதல் வரி, மருத்துவம் எல்லோருக்கும் எட்ட வேண்டும், கருக்கலைப்பு பெண் எடுக்க வேண்டிய முடிவு. சின்னக் கட்சிகளும் உண்டு. சுதந்திரவாதக் கட்சி, அரசாங்கம் நம் சட்டைப்பையிலும் கை விடக் கூடாது, படுக்கையறையிலும் எட்டிப் பார்க்கக் கூடாது என்கிறது. பசுமைக் கட்சி காடு, ஆறு, போர் வேண்டாம், அதிகாரம் கீழே இருந்து வரட்டும் என்கிறது.

தொண்டை வறள இவ்வளவும் சொல்லி முடித்தேன். மூன்றாம் வருடம் சுடர்ராஜ் எழுந்து, "மேடம், இதுல எது ஜெயிக்கும்?" என்றான். கொள்கை எதுவும் காதில் விழவில்லை. வெளங்கும்!

உருப்படியான கேள்வி ஒன்றே ஒன்று வந்தது. மூன்றாம் வருடம் உலகம்மாள், ஜன்னல் ஓரத்துப் பிள்ளை. "மேடம், அடிமைகள விடுதல பண்ணுன கட்சி எது?"

"குடியரசுக் கட்சி. அடிமை முறை பரவக் கூடாதுன்னுதான் அந்தக் கட்சியே பிறந்தது. அந்தக் காலத்துல அடிமைகளை வச்சிருந்த தென் மாநிலங்கள் ஜனநாயகக் கட்சி கையில இருந்துச்சு. பின்னால எல்லாம் தலைகீழா மாறிட்டு. இன்னைக்கு கறுப்பர்கள்ல பெரும்பாலானவங்க ஜனநாயகக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுதாங்க."

"ஒருக்க தலகீழா மாறுனது இன்னொருக்கவும் மாறும்லா மேடம்?" என்றாள்.

நான் மணியைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

யார் எந்தக் கட்சி என்று சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றேன். சார் விடவில்லை. "அவங்களே தேர்ந்தெடுக்கட்டும் மேடம். அதான ஜனநாயகம்?"

தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் கல்லூரிக்கு மேற்கே இருந்து ஒரு டவுன் பஸ் வரும், கிழக்கே இருந்து ஒன்று வரும். எந்த பஸ் என்றால் எந்த ஜாதி என்று இந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சுடர்ராஜ் குடியரசுக் கட்சி என்று கை தூக்கினான், மேற்கு பஸ் மொத்தமும் அவன் பின்னால் போனது. மாகாளி ஜனநாயகக் கட்சி என்றான், கிழக்கு பஸ் அவன் பின்னால். மாகாளியிடம் ஏன் இந்தக் கட்சி என்று கேட்டேன். "அவன் அது மேடம், அப்போ நாங்க இது," என்றான். அமெரிக்காக்காரன் இருநூறு வருடமாக அடித்துக்கொண்ட கொள்கைகளை இந்தப் பயல்கள் பஸ் சீட்டைப் பிடிக்கிற மாதிரி துண்டு போட்டுப் பிடித்துவிட்டார்கள்.

பசுமைக் கட்சிக்கு மூன்று பெண்கள். சுதந்திரவாதக் கட்சிக்கு இளவழகன் என்று ஒற்றை ஆள். உலகம்மாள் இன்னும் முடிவு பண்ணவில்லையாம், படித்துவிட்டுச் சொல்கிறாளாம்.

பேட்ஜ் அடிக்க வழியில்லை. பஜாரில் குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு ரிப்பனும் ஜனநாயகக் கட்சிக்கு நீல ரிப்பனும் சுருள் சுருளாக வாங்கி வந்தேன். அப்படியே கால் கிலோ சின்ன வெங்காயம்.

ஆகஸ்ட் 17, சனி

உலகம்மாள் புத்தகம் வாங்க வீட்டுக்கு வந்தாள். கிழக்கு பஸ்ஸில் வந்து இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறாள், பாவம். நம் தெருவில் நாலு வீட்டில் விசாரித்துத்தான் வந்தாளாம். யார் யாரிடம் கேட்டாளோ.

காபி கொடுத்தேன். டம்ளர் எல்லாம் கழுவாமல் கிடந்ததால் பேப்பர் கப்பில் கொடுத்தேன். குடித்துவிட்டு கப்பை அவளே கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நல்ல பிள்ளை. மூன்று புத்தகம் கொடுத்தனுப்பினேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுத்த ரிப்பனை எல்லாப் பயல்களும் முறுக்கி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மேற்கு பஸ்ஸில் இருந்து சிவப்பாக இறங்குகிறார்கள், கிழக்கு பஸ்ஸில் இருந்து நீலமாக. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையில் ஜாதிக் கயிறு கட்டி, அதனால் வெட்டுக் குத்து வரைக்கும் போன வட்டாரம் இது. கெமிஸ்ட்ரி மேடம் என்னைத் தனியே கூப்பிட்டு, "என்னத்த வாங்கிக் குடுத்திருக்கீங்க செண்பகம்?" என்றார்.

நான் வாங்கிக் கொடுத்தது ரிப்பன். அவர்கள் அதைக் கயிறாக்கினால் நானா பொறுப்பு? சாரிடம் சொன்னேன். "அமெரிக்காவுலயும் அதே கலர்தான மேடம்? ஃபோட்டோவுல நல்லாத்தான் விழும்," என்றார். ஃபோட்டோவாம் ஃபோட்டோ.

ஆகஸ்ட் 21, புதன்

தொட்டி இன்னும் அடைப்புதான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்றைக்கு உலகம்மாள் சிவப்பு ரிப்பன் கேட்டாள்.

ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கிழக்கு பஸ்ஸில் வருகிற பிள்ளை சிவப்பு கேட்கிறது! மாகாளி எழுந்து, "ஏட்டி, கிறுக்கு புடிச்சிட்டா?" என்று கத்தினான். சுடர்ராஜ் பக்கத்தில் இருந்தவன் எதையோ சொன்னான். அதை இங்கே எழுத என் கை கூசுகிறது.

அவள் அசையவில்லை. "விடுதலைன்னு சொல்லிப் பொறந்த கட்சி மேடம். இப்போ என்னவா இருந்தா என்ன? உள்ள போயித்தான மாத்த முடியும்? நான் இதுல வேட்பாளரா நிக்கேன்."

விதிப்படி அவளைத் தடுக்க எனக்கு இடமில்லை. கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முதல்சுற்றுத் தேர்தல் உண்டு, யார் வேண்டுமானாலும் நிற்கலாம். ரிப்பனை வெட்டிக் கொடுத்தேன். அவள் அதை மணிக்கட்டில் கட்டாமல் நான் சொன்னபடியே சட்டையில் குத்திக்கொண்டாள். என் சொல்லைக் கேட்ட ஒரே ஆள்.

வரும்போது சார் வழிமறித்தார். "அந்தப் பிள்ளைக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" தெரியாது என்றேன். புத்தகம் கொடுத்ததை அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஆகஸ்ட் 28, புதன்

முதல்சுற்று முடிந்தது.

அமெரிக்காவில் சில மாநிலங்களில் கட்சிக்காரர்கள் மட்டுமே தங்கள் கட்சியின் முதல்சுற்றில் ஓட்டுப் போட முடியும். சில மாநிலங்களில் வாக்காளர் எவரும் தனக்குப் பிடித்த ஒரு கட்சியின் முதல்சுற்றில் போய்ப் போடலாம். நான் இரண்டாவது முறையை வைத்தேன். பெயர்ப் பட்டியல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஜனநாயகக் கட்சியில் மாகாளியை எதிர்த்து ஆளே இல்லை. அதனால் நீலக் கயிறு கட்டினவர்கள் எல்லாம் வரிசை மாறி வந்து குடியரசுக் கட்சிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். அவளைத் திட்டின மாகாளியே முதல் ஆளாக நின்றான்.

ஓட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் பேசினார்கள். சுடர்ராஜ் துப்பாக்கியைப் பற்றிப் பேசினான், கை தட்டினார்கள். உலகம்மாள், "வரியக் குறைங்கன்னு சொல்லுத கட்சி இது. ஒருத்தன் பொறப்புக்குன்னே ஊர்ல ஒரு வரி போட்டு வச்சிருக்காங்க. டீக்கடையில, கோயில்ல, கிணத்துல எல்லாத்துலயும் அதக் கட்டிக்கிட்டே இருக்கோம். மொதல்ல அதக் குறைங்க," என்றாள். மேற்கு பஸ் பெண்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் கை தட்டவில்லை.

அவள் ஆறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

சிவப்பு ரிப்பன் அத்தனையும் குப்பைத் தொட்டியில் கிடக்கிறது. அவள் சட்டையில் குத்தின நிறத்தை இனி இவர்கள் கையில் கட்ட மாட்டார்களாம்! தூ! என்ன பிறவிகள் இதுகள்? படிக்கிறது பட்டப்படிப்பு. அத்தனை வருடப் பாடமும் அந்தத் தொட்டியிலேயே போய் விழுந்துவிட்டது.

சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். சுடர்ராஜின் பெரியப்பா கல்லூரிக் குழுவில் இருக்கிறார், காலையிலேயே போன் வந்துவிட்டது.

"கட்சிக்காரங்க மட்டும் ஓட்டுப் போடுத மாநிலமும் இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

"இருக்கு சார்."

"அப்போ நம்ம கல்லூரிய அந்த மாநிலம்னு வச்சுக்கிடுவோம்."

"ஓட்டு முடிஞ்சிட்டே சார்."

"நீங்க நம்மாளு. நீங்களே புரிஞ்சுக்கிடலேன்னா எப்படி மேடம்? டிசம்பர்ல உங்க ஃபைல் என் மேசைக்குத்தான வரும்?"

அந்த அறையில் ஊதுபத்தி வாசனையும் அவர் சாப்பிட்ட பூண்டு வாசனையும் கலந்து கிடந்தது. கதவை நானே திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

உலகம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னேன். முறையில் சின்னத் தவறு நடந்துவிட்டது, வெளிக்கட்சி ஓட்டுகளைக் கழித்தால் சுடர்ராஜ்தான் வேட்பாளர் என்றேன். பசுமைக் கட்சியில் இடம் காலி, அந்தப் பெண்கள் உன்னைச் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள், மரம், ஆறு, குளம் என்று நிறையப் பேசலாம் என்றும் சொன்னேன். நல்லதைத்தான் சொன்னேன்.

"நல்ல கட்சிதான் மேடம். எங்க தெருவுக்கு வர்ற தண்ணியப் பத்தி அதுல நெறையப் பேசலாம். ஆனா நான் ஜெயிச்சது இதுல," என்றாள்.

"பிடிவாதம் பிடிக்காத உலகு. இது வெளையாட்டுத்தான?"

"வெளையாட்டுக்கே இப்படின்னா?"

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மூன்று புத்தகங்களையும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிவியை நிறுத்தாமலே, "உனக்கு எதுக்குட்டி ஊர் வம்பு? பேசாம இரு. அந்தப் பிள்ள வீட்டுக்கு வந்ததுக்கே எதுத்த வீட்ல கேட்டாங்க," என்றார். என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. இந்தத் தெருவில் எல்லோர் மூஞ்சியும் இன்றைக்கு ஒரே மாதிரி இருந்தது. தொட்டி வேலைக்கு ஆள் வந்து அடைப்பை எடுத்தான், உள்ளே இருந்து வந்த நாற்றத்துக்கு இரண்டு தடவை குளித்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

வகுப்பில் உலகம்மாள் ஒரு சந்தேகம் கேட்டாள். "மேடம், எந்தக் கட்சியும் நிறுத்தாத ஒருத்தருக்கு அமெரிக்காவுல ஓட்டுப் போட முடியுமா?"

"பல மாநிலங்கள்ல முடியும். ஓட்டுச் சீட்டுல ஒரு காலி வரி இருக்கும். அதுல பேரை எழுதிப் போடலாம்."

"நம்ம சீட்டுலயும் அந்த வரி இருக்குமா மேடம்?"

சீட்டின் மாதிரி சென்னையில் இருந்து வந்தது, அதில் அந்த வரி இருக்கிறது. இருக்கிறது என்றேன். பாடத்தில் உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான். வேறொன்றும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

செப்டம்பர் 4, புதன்

ஓட்டுப் பதிவு. எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். பிறகு துறை அறையில் நானும் சாரும் மட்டும் உட்கார்ந்து எண்ணினோம்.

முதல் சீட்டு சுடர்ராஜ். இரண்டாவதில் எந்தக் கட்டத்திலும் குறி இல்லை, காலி வரியில் 'உலகம்மாள்' என்று எழுதியிருந்தது. மூன்றாவதிலும் அப்படித்தான். சாரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் சுடர்ராஜுக்கு நாற்பத்தொன்று. மாகாளிக்கு ஒன்று, பாவம் அவனே போட்டதுகூட இல்லை, அவன் எழுத்து காலி வரியில்தான் கிடந்தது. பசுமைக்கும் சுதந்திரவாதத்துக்கும் சேர்த்து ஐந்து. உலகம்மாளுக்கு அறுபத்திரண்டு.

"ஓட்டுச் சீட்டுல பேரு எழுதுனா செல்லாது மேடம். நம்ம நாட்டுச் சட்டம்," என்றார் சார்.

"இது அமெரிக்கத் தேர்தல் சார்."

"நடக்குறது தமிழ்நாட்டுல."

முதல்சுற்றுக்கு அமெரிக்கா, கடைசிச் சுற்றுக்குத் தமிழ்நாடு. வெட்கங்கெட்ட மனுசன்! நான் எழுதினேன்: சுடர்ராஜ் வெற்றி, செல்லாதவை 62. என் கையால்தான் எழுதினேன்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, "கிழக்கு பஸ்ஸுல இத்தன பேர் கிடையாதே. நம்ம பக்கத்துல இருந்து எவளோ எவனோ எழுதியிருக்கு. வருசம் பூரா பேப்பர் திருத்துறீங்க, கையெழுத்து தெரியும்லா? பேரச் சொல்லுங்க. வீட்ல கூப்பிட்டுச் சொல்லணும்," என்றார்.

எனக்குத் தெரியும். பார்த்ததுமே தெரிந்தது. துணைக்காலை வளைத்துப் போடுகிறது யார், ளகரத்துக்கு வால் நீட்டுகிறது யார், பச்சை மையில் எழுதுகிறது யார் எல்லாம் தெரியும். அதில் ஒருத்தி சுடர்ராஜின் சொந்தச் சித்தப்பா மகள். அவள் வீட்டில் தெரிந்தால் படிப்பு நாளையோடு நின்றுவிடும், அதோடு விடுவார்களா என்பதும் சந்தேகம்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு சார். வீட்டுல வச்சு நிதானமாப் பாத்துச் சொல்லுதேன்," என்று சீட்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எல்லாச் சீட்டையும் அதில் போட்டேன். அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டேன். உலகம்மாள் ஜெயித்ததற்கு இனி ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. டிசம்பரில் என் ஃபைலும் தப்பித்தது. எதற்காக எரித்தேன் என்று என்னிடம் யாரும் கேட்கக் கூடாது. சாரிடம், பை பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வேன்.

வெந்நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டபோது அருவருப்பாக இருந்தது.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். மேசை முழுக்க ரோஜாப் பூவும் பேனாவும். சுடர்ராஜ் சாக்லேட் டப்பா கொண்டுவந்து காலில் விழுந்தான். "நல்லாரு" என்று சொல்லித் தொலைத்தேன்.

எல்லோரும் போனபிறகு உலகம்மாள் வந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"பலகையில செல்லாதவை அறுபத்திரெண்டுன்னு போட்டிருக்கு மேடம். அது எனக்கு விழுந்ததுன்னு தெரியும். அத நான் கேக்க வரல."

"பின்ன?"

"எங்க பஸ்ஸுல எத்தன பேருன்னு எனக்குத் தெரியும். கழிச்சுப் பாத்தா கொஞ்சம் மிச்சம் இருக்கு. பசுமைக் கட்சிப் பிள்ளைகளா, இல்ல நெசமாவே அந்தப் பக்கத்து ஆளுகளா? அது மட்டும் சொல்லுங்க மேடம்."

கதவு பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். "அந்தப் பக்கம் பதினொண்ணு," என்றேன்.

"பதினொண்ணா!" அவள் முகம் அப்படியே மலர்ந்தது. அந்த முகத்தை நான் மூன்று வருடத்தில் பார்த்ததில்லை. "யாரு யாருன்னு சொல்ல வேண்டாம் மேடம். நாளைக்கு நானே ஒவ்வொருத்தரா பாத்துச் சிரிப்பேன். யாரு திரும்பிச் சிரிக்காங்கன்னு பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது."

போகத் திரும்பியவள் நின்றாள்.

"உங்களுக்கு ஓட்டு உண்டா மேடம்?"

"ஆசிரியர்களுக்குக் கிடையாது."

"இருந்திருந்தா, என் பேர எழுதியிருப்பீங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று, அடிமைகளை விடுதலை செய்த கட்சி எது என்று கேட்ட அதே குரலில் கேட்டாள். பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.

"பெல் அடிச்சாச்சு. கிளாஸுக்குப் போ," என்றேன்.

பெல் அடிக்கவில்லை.